பாதி செட்டிங்ஸில், பாதி பேச்சில்

வானகரத்தில் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி, அம்பத்தூர் போகும் சாலையை ஒட்டி எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் ஒன்று. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் நம்பர் புரோக்கரிடம் இருக்கும். அவர் ஓனருக்குக் கொடுப்பார். ஓனர் அசோசியேஷன் செயலாளருக்கு அனுப்புவார். செயலாளர் ஒரு வார்த்தை கேட்காமல் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார். தண்ணி கேன் போடுபவர், பால்காரர், கேஸ் கொண்டுவருபவர் என்று வரிசை நீளும். சாமான் இறக்கி முடிப்பதற்குள், நீங்கள் முகம் பார்த்திராத பலர் உங்கள் பெயரையும் நம்பரையும், செட்டிங்ஸ் இடம் கொடுத்தால் குழந்தையோடு நீங்கள் நிற்கும் டி.பி.யையும் பார்க்க முடியும்.

இதில் யாரும் திருடவில்லை. ஒவ்வொருவரும் ஒரு வேலைக்காகத்தான் கேட்டார், ஒரு வேலைக்காகத்தான் அடுத்தவருக்குக் கொடுத்தார். ஆனால் வீடு பார்ப்பதற்காகக் கொடுத்த நம்பர் வேறு பத்து வேலைகளுக்குப் போய்விட்டது. அந்தரங்கம் குறித்த நம் சங்கடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ரகசியம் வெளியானதைவிட, ஓர் இடத்துக்கென்று சொன்னது இன்னோர் இடத்தில் போய் நிற்பதுதான் உறுத்துகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் நிஸ்ஸன்பாம் 2004-ல் முன்வைத்த கருத்தும் இதுவே: மருத்துவரிடம் உடம்பைப் பற்றிச் சொல்கிறோம், வங்கியில் சம்பளத்தைச் சொல்கிறோம், அந்தந்த இடத்துக்கான எழுதாத விதிகள் மீறப்படும்போதுதான் அந்தரங்கம் பறிபோனதாக உணர்கிறோம்.

எழுதாத விதிகள் என்றால், அவற்றை யாராவது பேசி வகுத்தாக வேண்டும். போன் அதில் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி மனிதர்களுக்குள் நடப்பது. எது எங்கே முடிகிறது என்று பார்ப்போம்.

முன்பும் இப்படித்தான்

தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் டெலிபோன் இருந்த காலத்தில், விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நம்பருக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருக்கும். பக்கத்து வீட்டு நம்பர் என்று அர்த்தம். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து கூப்பிடுவான். அவர்கள் கூடத்தில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள் அல்லது எழுந்து உள்ளே போவார்கள். பேசுபவர் ‘ம்’, ‘சரி’, ‘நேர்ல சொல்றேன்’ என்று முடித்துக்கொள்வார். இன்லேண்ட் லெட்டரை யார் முதலில் பிரிப்பது என்பதற்கும், எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்துவதற்கும் இதே போல நடைமுறைகள் இருந்தன.

காது கேட்கும் தூரத்தில் இருந்தும் கேட்காதது போல் இருப்பது ஒரு நாகரிகமாக இருந்தது. கருவி எந்த மறைப்பையும் தராததால் மனிதர்களே அதைத் தந்தார்கள். இன்று கருவி நிறைய மறைப்பு தருகிறது. அதனாலேயே மற்றதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம்.

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள, உங்கள் பேச்சை யார் யார் பார்க்கக்கூடும் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: உங்களோடு வீட்டில் இருப்பவர்கள், மறுமுனையில் இருப்பவர்கள், நடுவில் இருக்கும் நிறுவனமும் அரசும். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு வேறு.

வீட்டுக்குள்

போன் என்பது ஒருவருக்கு மட்டுமே உரிய கருவி என்று நினைத்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படி இல்லை. அம்மாவின் போனில் மகன் கேம் ஆடுகிறான், மகளின் போனில் பாட்டி சீரியல் பார்க்கிறார், அப்பாவின் வங்கி ஓ.டி.பி. அண்ணனின் போனுக்கு வருகிறது. லாக் போட்டால், ‘அப்படி என்ன ஒளிக்கிற?’ என்ற கேள்வி வரும்.

இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் பெண்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நித்யா சம்பசிவன் முதலான ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் பேசிய பெண்களில் பலர், அந்தரங்கம் என்பதெல்லாம் வசதி படைத்தவர்களுக்குத்தான் என்றார்கள். ஆனால் அதே பெண்கள் குறிப்பிட்ட ஆப்புக்கு மட்டும் பூட்டு போட்டார்கள், சில மெசேஜ்களை மட்டும் அழித்தார்கள், பிரைவேட் மோடில் தேடினார்கள், சிலவற்றை அந்தப் போனில் செய்வதையே தவிர்த்தார்கள். போனைத் தர மாட்டேன் என்று மறுப்பது எளிதாக இல்லை. கொடுத்தார்கள், கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்தார்கள். உறவும் கெடாமல், தன் இடத்தையும் விடாமல் நடத்தும் பேரம் இது.

சென்னையின் விளிம்பிலேயே இதை நெருங்கிப் பார்த்தவர் மானுடவியலாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். ஐ.டி. வளாகங்கள் வந்து இறங்கிய ஊர்ப்புறம் ஒன்றில் 15 மாதம் தங்கி ஆய்வு செய்து, அந்த இடத்துக்குப் ‘பஞ்சகிராமி’ என்று மாற்றுப்பெயர் சூட்டி, 2017-ல் ‘சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா’ என்ற நூலை லண்டன் யூ.சி.எல். பிரஸ் வழியாக வெளியிட்டார். வசதி குறைந்த குடும்பங்களில் கல்யாணமாகாத பெண்களின் கையில் போன் இருப்பதே கண்காணிப்புக்கு உரியதாக இருந்ததை அவர் பதிவு செய்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வரும் பெண்கள் தங்கியிருக்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் இதே கதையைக் கேட்கலாம். சொந்த முகத்துக்குப் பதில் பூவோ சாமி படமோ டி.பி.யில் வைப்பது, தோழனின் நம்பரைத் தோழியின் பெயரில் சேமிப்பது, பேசுவதற்கு மொட்டை மாடிக்குப் போவது, அறிமுகமில்லாத ஆணுக்குப் பதில் எழுதும்போது முதல் வரியிலேயே ‘அண்ணா’ போட்டு எல்லையைச் சொல்லிவிடுவது: இவை எதையும் எந்த செட்டிங்ஸ் பக்கத்திலும் காண முடியாது. ஆனால் நம் ஊரில் அதிகம் பயன்படும் பாதுகாப்பு முறைகள் இவைதான்.

வீட்டுக்குள் உதவும் தொழில்நுட்பமும் கொஞ்சம் உண்டு. ஒரு குறிப்பிட்ட சாட்டை மட்டும் தனியே பூட்டிவைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2023-ல் கொண்டுவந்தது. நோட்டிஃபிகேஷனில் செய்தி தெரியாமல் செய்துவிட்டால், மேசைமேல் கிடக்கும் போனைக் கடந்து போகிறவர் படிப்பது நின்றுபோகும். வாட்ஸ்அப் வெப்பை அலுவலகக் கணினியில் திறந்து, வெளியேறாமல் வந்துவிடுவது அடிக்கடி நடப்பது. ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைத் திறந்தால் உங்கள் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று தெரியும். தெரியாத கருவி இருந்தால் உடனே நீக்கிவிடலாம்.

மறுமுனையில்

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். ‘பாத்துட்டு ஏன் பதில் சொல்லல?’ என்ற புதுச் சண்டையும் அதோடு வந்தது. எதிர்ப்பு கிளம்பவே, அதை அணைக்கும் வசதியும் வந்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் படித்ததை மறைத்தால், மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. ‘லாஸ்ட் சீன்’ விஷயத்திலும் அப்படியே. பார்க்க வேண்டும் என்றால் காட்டவும் வேண்டும். ஆனால் குரூப்பில் இது செல்லாது. அங்கே யார் படித்தார்கள் என்பதை அனுப்பியவர் பார்க்கலாம். வாய்ஸ் மெசேஜைக் கேட்டதையும் மறைக்க முடியாது.

குரூப் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் செட்டிங் 2019-ல் வந்தது. அதை ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றினால், உங்கள் போனில் இல்லாத ஒருவர் உங்களை நேரடியாகச் சேர்க்க முடியாது. அழைப்பு அனுப்பலாம், ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். மேலே சொன்ன செயலாளர் கதையில் இந்த ஒரு செட்டிங் போதுமானதாக இருந்திருக்கும். குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் விலகும் வசதி 2022-ல் வந்தது. வெளியேறியது அட்மினுக்கு மட்டும் உடனே தெரியும். ஆனால் யாராவது தேடிப் பார்த்தால், கடந்த 60 நாளில் விலகியவர்களின் பட்டியல் அங்கே இருக்கும். நாத்தனார் இருக்கும் குடும்ப குரூப்பிலிருந்து விலகினால் எந்த செட்டிங்கும் உங்களைக் காப்பாற்றாது. அதனால்தான் பலர் விலகாமல் மியூட் போடுகிறார்கள். அதுவும் நாசூக்கான பேரம்தான்.

சிலருக்கு ஒரே நம்பர்தான் கடையும் வீடும். வானகரம் மீன் சந்தையில் சரக்கு எடுத்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வஞ்சிரம் விலையை ஸ்டேட்டஸில் போட்டால் வாடிக்கையாளர் அத்தனை பேரும் பார்க்க வேண்டும். மாலையில் மகளின் பிறந்தநாள் படத்தைப் போட்டால் அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம், யார் கூடாது என்று பிரிக்க வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்து மாற்ற வேண்டும். இரண்டு சிம் வைத்து, வியாபாரத்துக்கு ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ தனியே போட்டுவிடுவது எளிது.

மறுமுனையில் இருக்கும் உண்மையான சிக்கல் வேறு. நீங்கள் அனுப்பிய செய்தி அங்கே போய்ச் சேர்ந்ததும் அது உங்களுடையது மட்டும் அல்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம், ஃபார்வர்டு செய்யலாம், சத்தமாகப் படித்துக் காட்டலாம். ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை செல்லுபடியாகும். அழித்த தடம் அங்கேயே நிற்கும். ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாமல் செய்திருக்கிறார்கள். இன்னொரு போனால் படம்பிடிப்பதை யாரும் தடுக்க முடியாது.

சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தகவல்தொடர்பு அறிஞர் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்திருக்கிறார். ஒரு விஷயத்தை ஒருவரிடம் சொன்னதுமே அவரும் அதற்குப் பங்காளி ஆகிவிடுகிறார். பங்காளிகளுக்குள் விதி தெளிவாக இருந்தால் பிரச்சினை இல்லை. விதி பேசப்படாதபோதுதான் குழப்பம் வெடிக்கிறது. பூர்விகச் சொத்தில் பாகப்பிரிவினை எழுதாமல் விட்டதைப் போலத்தான். எல்லாம் சுமுகமாக இருக்கும்வரை யாருக்கும் குறை தெரியாது.

ஒரு சூழலைப் பாருங்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உறவினர்கள் தனித்தனியாகப் போன் செய்கிறார்கள் என்று மகன் ஒரு குரூப் தொடங்குகிறார். முதல் நாள் ‘நல்லா இருக்கார்’ என்று ஒரு வரி. மூன்றாம் நாள் லேப் ரிப்போர்ட்டின் பி.டி.எஃப். அதில் அப்பாவின் வயது, முகவரி, சர்க்கரை அளவு, அவர் தங்கையிடம்கூடச் சொல்லாத பழைய வியாதி எல்லாம் இருக்கின்றன. மகன் அக்கறையோடுதான் போட்டார். அந்த விஷயத்தின் முதல் உரிமையாளர் மட்டும் கேட்கப்படவில்லை.

கணவன், மனைவி, கோர்ட்

நெருக்கம் கூடக் கூட விதி பேசுவது கடினமாகிறது. கணவன் மனைவிக்குள் அந்தரங்கம் உண்டா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கே வந்துவிட்டது.

பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவியின் போன் அழைப்பு விவரங்களைக் கணவர் சாட்சியமாகத் தாக்கல் செய்தார். மனைவியின் ஆட்சேபணை கீழ்க் கோர்ட்டில் எடுபடவில்லை. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை மாற்றினார். மனைவிக்குத் தெரியாமல் எடுத்த விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது, தம்பதிக்குள்ளும் தனியுரிமை உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது திருமணத்தின் அடித்தளத்தையே கெடுக்கும் என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், 2025 ஜூலை 14 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த போன் பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஒருவரை ஒருவர் உளவு பார்க்கும் நிலை வந்துவிட்டால், அந்த உறவு ஏற்கெனவே முறிந்திருப்பதன் அறிகுறி அது என்பது அமர்வின் பார்வை.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த நாடு இது. அந்த உரிமையை மறுமுனையில் இருக்கும் நெருங்கிய மனிதருக்கு எதிராக நிலைநாட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளும் காட்டுகின்றன. கோபத்தில் பேசியதும் பதிவாகலாம், பதிவானது கோர்ட்டுக்கும் போகலாம் என்பதே இன்றைய சட்ட நிலை.

நடுவில் இருப்பவர்கள்

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் செய்திகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. உங்கள் போனில் பூட்டப்படும் செய்தி மறுமுனைப் போனில்தான் திறக்கும்; நடுவில் நிறுவனமே நினைத்தாலும் அதைப் படிக்க முடியாது. ஆனால் யாரிடம், எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பது இந்தப் பூட்டுக்குள் அடங்காது. சாட்டை கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ பேக்கப் எடுத்தால் அதற்குத் தனியாக மறையாக்கத்தை இயக்க வேண்டும். 2021-ல் வந்த அந்த வசதியைத் தேடிப்போய்த்தான் போட வேண்டியிருக்கிறது.

இந்தப் பூட்டை அரசுக்காகத் திறக்கலாமா என்ற வாதம் இந்தியாவில் சூடுபிடித்தது சென்னையில்தான். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகின. விசாரணை போகப் போக, ஒரு வதந்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேள்வி மாறியது. இப்போது சென்னை ஐ.ஐ.டி. இயக்குநராக இருக்கும் பேராசிரியர் காமகோடி, முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று 2019-ல் ஒரு வழியை முன்வைத்தார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்து அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் புதிய விதிகள், கோர்ட்டோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் அங்கே சொன்னார்.

நிறுவனத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் 2021-ல் புதிய கொள்கையை ஏற்கச் சொன்ன விதத்துக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதிசெய்தது. விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு தகவலைப் பகிரக்கூடாது என்ற ஐந்தாண்டுத் தடையை மட்டும் நீக்கியது.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். என்ன காரணத்துக்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும், கேட்டால் அழிக்க வேண்டும் என்பவை அதில் முக்கியம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்குத்தான் இந்தச் சட்டம். வாசலில் செக்யூரிட்டி உங்கள் நம்பரை எழுதிக்கொள்ளும் நீள நோட்டு இதில் வராது; அதே வேலையைச் செய்யும் ஆப் வரும். சொந்த, வீட்டுத் தேவைக்காக ஒரு தனிமனிதர் வைத்திருக்கும் தகவலுக்கும் இது பொருந்தாது. குடும்ப குரூப்பில் ஒரு சித்தி லேப் ரிப்போர்ட்டை ஃபார்வர்டு செய்தால், அதை எதிர்த்து இந்தச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க முடியாது.

அப்படியானால் செய்ய வேண்டியது

செட்டிங்ஸில் முடிவதை முதலில் முடித்துவிடுங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம், டி.பி.யை யார் பார்க்கலாம், பேக்கப் மறையாக்கம், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் (PIN) நம்பர், லிங்க்டு டிவைசஸ் ஆகிய ஐந்தையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

மீதியைப் பேசித்தான் ஆக வேண்டும். நம்மில் பலர் தயங்குவது இங்கேதான். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற கூச்சம். காரணத்தோடு சேர்த்துச் சொன்னால் அது மரியாதையாகவே இருக்கும். புரோக்கரிடம்: ‘அண்ணே, வீடு முடியற வரைக்கும் நம்பர் உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும், ஓனருக்கு நானே குடுத்துக்கறேன்.’ செயலாளரிடம்: ‘சார், புதுசா வர்றவங்களை குரூப்ல சேக்கறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுடலாமே.’ உறவில்: ‘சித்தி, அப்பா ரிப்போர்ட்டை குரூப்ல போட வேணாம். யார் கேட்டாலும் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க.’ டீன் ஏஜ் பிள்ளையிடம்: ‘உன் போனை நான் எடுத்துப் பாக்க மாட்டேன், பாக்கணும்னா உன்கிட்ட கேட்டுட்டுத்தான்.’ இப்படிச் சொன்ன பெற்றோர் அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

உங்கள் பக்கமும் கடமை உண்டு. ஒருவர் நம்பரை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன், ‘குடுக்கட்டுமா?’ என்று கேளுங்கள். அடுத்தவர் குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் முன்பும் கேளுங்கள்; ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். குரூப் அட்மினாக இருந்தால், குரூப் எதற்கு என்பதை அதன் விவரத்தின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். உறுப்பினர் போட்ட பதிவுக்கு வெறும் அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021-ல் சொல்லியிருக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் குரூப்பில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

பேச்சுக்கு இடமே இல்லாத சமயமும் உண்டு. அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பேரம் பேசாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். செய்திகளையும் நம்பரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ 1930 என்ற எண்ணிலோ அருகிலுள்ள சைபர் கிரைம் போலீசிலோ புகார் கொடுங்கள். சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம். மிரட்டலுக்கு ஆளானவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் ஒருவரிடமாவது இதைத் தயங்காமல் சொல்ல முடிகிற அளவுக்குப் பேச்சு இருக்குமானால், மிரட்டுபவரின் பலம் அங்கேயே பாதி குறைந்துவிடும்.